பச்சைச் சூரியனும் பறக்கும் தட்டும்

நேயர்களுக்கு வணக்கம். நான் ராயபுரத்துக்காரன். ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஒரு சொல் நழுவினால் செய்தி எங்கே போய் நிற்கும் என்பதை அந்த மேசை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

‘பறக்கும் தட்டு’ அப்படி நழுவிய சொல்தான். 1947 ஜூன் 24 அன்று, அமெரிக்காவில் கென்னத் அர்னால்டு என்பவர் தம் சிறிய விமானத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் பறந்தபோது, ஒன்பது பொருள்கள் மின்னிக்கொண்டு விரைவதைக் கண்டார். மறுநாள் பெண்டில்டன் என்ற சிற்றூரின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். தட்டைத் தண்ணீர்மேல் வீசினால் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றுதான் தாம் சொன்னதாகப் பின்னாளில் விளக்கினார். செய்தி ஊர் ஊராகப் பரவியதில் தத்தல் உதிர்ந்துவிட்டது. தட்டு மட்டும் நின்றது. சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் தட்டுகளைப் பார்த்துவிட்டார்கள்! அர்னால்டு நம் பக்கத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் ஓட்டாஞ்சில்லு என்றிருப்பார். உலகம் இன்று பறக்கும் ஓட்டாஞ்சில்லைத் தேடிக்கொண்டிருக்கும்.

அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, 1897இல், அதே நாட்டுப் பத்திரிகைகளில் தட்டே கிடையாது. எல்லாம் ஆகாயக் கப்பல்கள். டெக்சாஸில் ஒன்று காற்றாலையில் மோதி நொறுங்கியதாகவும், அதன் வேற்றுலக ஓட்டியை ஊர்க் கல்லறையில் புதைத்ததாகவும் டல்லாஸ் நாளிதழ் ஒன்று அச்சிட்டது.

நம் ஊர் வானமும் ஒருமுறை எல்லாரையும் மிரட்டியிருக்கிறது. 1883 செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. கிறித்துவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதன் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்தச் சூரியனை நிறமாலைமானி வழியாக ஆராய்ந்து எழுதிவைத்தார். ஆகஸ்ட் இறுதியில் வெடித்த கிரகத்தோவா எரிமலையின் தூசிதான் கடல் கடந்து வந்து வானத்தில் மிதந்தது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை, தண்டையார்பேட்டை வானில் மர்ம ஒளி என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. மேற்கே வெள்ளிக் கோள் பளிச்சென்று தெரிந்த மாதம் அது. ஆசிரியர் மேசையில் யாரோ ‘ஒளி’யை அடித்துவிட்டு ‘தட்டு’ என்று மாற்றியிருந்தார்கள். ‘மர்ம தட்டு’ என்று என்னிடம் வந்தது. நடுவில் விட்டுப்போன ‘த்’தைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் இரண்டு பேர், அந்தத் தட்டின் விளிம்பில் விளக்குகள் சுற்றியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.