ரயில் மாறுவதற்கு மட்டுமான ஊர் இல்லை போலோன்யா

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலிக்குப் போகிறவர்களில் பலர் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊர்களை முடிவு செய்துவிட்டுத்தான் டிக்கெட்டே எடுக்கிறார்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து வெனிஸுக்குப் போகும் வழியில் போலோன்யா என்று ஒரு ஸ்டேஷன் வரும். ரயில் சற்று நேரம் நிற்கும், கிளம்பிவிடும். அந்த ஸ்டேஷனில் இறங்குங்கள், ஓரிரு நாள் தங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் செய்யவேண்டியது நடப்பது. குடையை அறையிலேயே வைத்துவிடலாம். வீடுகளின் மேல்மாடி தெருப்பக்கம் நீண்டு, அதைத் தூண்கள் தாங்கி, அடியில் நடைபாதை ஓடும். போர்ட்டிகோ என்பார்கள். நகரம் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர் தேறும். 2021-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டட அழகைவிட இதன் பின்னாலிருக்கும் ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த கூட்டத்தால் ஊரில் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருவுக்குமேல் இழுத்துக் கட்டினார்கள். நகராட்சி இதைத் தடுப்பதற்குப் பதிலாக 1288-ல் சட்டமே போட்டது: புது வீடு கட்டினால் போர்ட்டிகோவும் கட்டவேண்டும், குதிரைமேல் வருகிறவர் தலை இடிக்காத உயரம் வேண்டும். அந்த உயரம் நம் கணக்கில் 2.66 மீட்டர். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. ஸ்ட்ராடா மஜ்ஜோரே தெருவில் இஸோலானி மாளிகை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். 13-ஆம் நூற்றாண்டின் ஓக் மரத் தூண்கள் இன்னும் அங்கே வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம், பியாத்ஸா மஜ்ஜோரே சதுக்கத்துக்கு வாருங்கள். போதெஸ்தா மாளிகையின் அடியில் இரண்டு வழிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் வளைவுக்கூரை ஒன்று உண்டு. அதன் நான்கு மூலைகளிலும், மேலே, நகரத்தின் காவல் புனிதர்கள் நான்கு பேரின் சுடுமண் சிலைகள். ஒருவர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகப் பேசவேண்டும். எதிர்மூலையில் சுவரில் காதை வைத்து நிற்பவருக்கு, நடுவில் எத்தனை பேர் போனாலும், பேசுவது தெளிவாகக் கேட்கும். ஒலி வளைவைத் தொற்றிக்கொண்டே போய் மறுபக்கம் இறங்குகிறது. தொழுநோயாளிகளைத் தொடாமல், தள்ளி நின்று பாவமன்னிப்பு கேட்கவைக்க இது பயன்பட்டது என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, தனியாகப் போனால் இதைச் செய்ய முடியாது. யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

வியா பியெல்லா தெருவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. திறந்தால் கீழே தண்ணீர் ஓடும், இருபுறமும் வீடுகளின் பின்சுவர்கள் அப்படியே நீரில் இறங்கி நிற்கும். அங்கே எல்லோரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தத் தண்ணீர்தான் ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சோறு போட்டது. ரேனோ ஆற்றை ஊருக்கு வெளியே கசலேக்கியோவில் அணைபோட்டுத் திருப்பி, கால்வாய்களாக உள்ளே கொண்டுவந்து, அந்த விசையில் பட்டு நூல் முறுக்கும் ஆலைகளை ஓட்டினார்கள். போலோன்யாவின் பட்டு வேறொரு கால்வாய் வழியாகப் படகேறி வெனிஸ் பக்கம் போனது. பிற்பாடு ஆலைகள் போயின, கால்வாய்களில் பெரும்பகுதியை மூடித் தெருவாக்கினார்கள். அந்த ஆலை எப்படி ஓடியது என்று பார்க்க, ஊருக்கு வடக்கே பழைய செங்கல் சூளை ஒன்றுக்குள் இருக்கும் தொழில் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். பட்டு ஆலையின் பெரிய மாதிரியை அங்கே வைத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் பொஜ்ஜி மாளிகையில் மெழுகு உருவங்கள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் ஆன்னா மொராந்தி மன்ஸோலினி என்ற பெண், உடற்கூறு கற்பிப்பதற்காகக் கண்ணையும் காதையும் கையையும் மெழுகில் செய்தார். தன்னையே ஒரு உருவமாகவும் செய்திருக்கிறார். பட்டு உடையும் நகைகளுமாக நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் இருக்கும் மனித மூளையை அறுத்து ஆராய்கிற உருவம். பக்கத்திலேயே அவர் கணவரின் உருவம். அவர் கையாள்வது இதயம். மூளையைத் தனக்கு வைத்துக்கொண்டு இதயத்தைக் கணவருக்குக் கொடுத்த அந்தத் துணிச்சலுக்காகவே அந்தப் பெண்மணிமேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். சதுக்கத்தின் தென்பக்கம் சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390-ல் தொடங்கிய கட்டடம். முகப்பில் பாதிக்குமேல் இன்றும் வெறும் செங்கல்தான், பளிங்கு போர்த்தி முடிக்கவே இல்லை. உள்ளே இடதுபக்கம் தரையில் ஒரு நேர்கோடு சாய்வாக ஓடுகிறது, நீளம் கிட்டத்தட்ட 67 மீட்டர். 1655-ல் வானியலாளர் ஜொவான்னி தொமேனிகோ கஸ்ஸீனி போட்ட கோடு அது. சனிக்கோளுக்குப் போன காசினி விண்கலத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். சுமார் 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக வரும் வெயில் தரையில் ஒரு வட்டமாக விழுந்து, உச்சிப்பொழுதில் கோட்டைக் கடக்கிறது. அந்த வட்டம் சூரியனின் பிம்பமே. தரையில் குனிந்து பார்த்தால் அது ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். ஒரு ஓரம் கோட்டைத் தொடும், கோடு வட்டத்தை இரண்டாகப் பிரிக்கும், பிறகு மறு ஓரமும் விலகிவிடும். ஜூனில் வட்டம் ஓட்டைக்குக் கிட்டத்தில் விழுகிறது. டிசம்பரில் கோட்டின் மறுகோடிக்குப் போய் நீள்வட்டமாகிவிடுகிறது.

ஈஸ்டர் தேதியைத் தப்பில்லாமல் கணக்கிடத் திருச்சபைக்குச் சூரியனின் ஓட்டம் துல்லியமாகத் தெரியவேண்டியிருந்தது. கஸ்ஸீனி அந்தக் கோட்டில் பிம்பத்தின் அகலத்தையும் அளந்தார். ஆண்டு முழுக்க அது கூடிக் குறைந்ததை வைத்து, சூரியன் சில மாதங்களில் மெதுவாகப் போவது தூரத்தால் வரும் தோற்றம் மட்டும் இல்லை, வேகமே மாறுகிறது என்று தெரிந்தது. கோள்கள் நீள்வட்டத்தில், வேகம் மாறி மாறி ஓடுகின்றன என்று வானியலாளர் கெப்ளர் சொன்னதற்கு அது ஆதரவாக நின்றது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலேயோவுக்குத் திருச்சபை தண்டனை விதித்த 1633-க்கு 22 ஆண்டுகள் கழித்து, போப்பின் ஆட்சியில் இருந்த ஊரில், ஒரு தேவாலயத் தரையிலேயே இந்த அளவீடு நடந்தது!

போகிறவர்கள் நேரத்தைக் கவனிக்கவேண்டும். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அங்கே உச்சிப்பொழுது இல்லை. கோடை நேரக் கணக்கில் மே முதல் ஜூலை வரை அது மதியம் ஒன்றேகால் வாக்கில் வரும். குளிர்காலத்தில் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில். மேகம் இல்லாத நாளாகவும் இருக்கவேண்டும்.

இன்னொரு நாள் கிடைத்தால் சான் லூக்காவுக்கு ஏறுங்கள். ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் மாதா கோவில் அது. 1433-ல் விடாத மழை பெய்து பயிர் அழுகியபோது, அங்கிருந்த மாதா படத்தை ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்பது நம்பிக்கை. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் வாக்கில் அந்தப் படம் இன்றும் இறங்கி வருகிறது. ஊர்வலம் நனையக்கூடாது என்று 1674-ல் ஒரு போர்ட்டிகோ கட்டத் தொடங்கினார்கள். 666 வளைவுகள், கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர். கட்டுமானப் பொருளை மேலே கொண்டுபோக ஊர்மக்களே வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். சரகோத்ஸா வாசலில் தொடங்கினால் முதல் பகுதி சமதளம், மெலொன்செல்லோ வளைவைத் தாண்டியதும் ஏற்றமும் படிகளும். முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டியில் மேலே போய்விட்டு இறங்கும்போது நடக்கலாம். காலையில் போனால் ஊர்க்காரர்கள் உங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு அது தினப்படி உடற்பயிற்சி.