வில்லங்கச் சான்றில் வராத பாக்கி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பால் காய்ச்சிப் புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வாசலில் கட்டிய மாவிலை சருகாகி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு காலையில் பேரூராட்சி ஆள் வந்து நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். பிரித்துப் பார்த்தால் யாரோ ஒருவருடைய பெயர் இருக்கும். கதவு எண் மட்டும் நம்முடையது. அடியில் ஒரு தொகை. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் இதை அனுபவித்தவர்கள் இருப்பீர்கள். நான் அந்த நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்தவன். தாமிரபரணிக் கரையோரப் பேரூராட்சிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வரி வசூலராக, ஊர்க்காரர்கள் சொல்வதுபோல் பில் கலெக்டராக வேலை பார்த்தேன். எத்தனையோ வாசல்களில் எத்தனையோ முகங்கள் வெளுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தானே சார் வாங்கினோம்?" பார்த்திருப்பீர்கள், சந்தேகமில்லை. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டிருப்பீர்கள். ஆனால் வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தின் புத்தகத்திலிருந்து எடுத்துத் தருவது. அங்கே பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம் இவைதான் அதில் வரும். வீட்டு வரி பாக்கியை யாரும் அங்கே போய்ப் பதிவதில்லை. அது பேரூராட்சியில், நகராட்சியில், மாநகராட்சியில், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிவைக்கும் கேட்புப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் புத்தகம் வேறு, இந்தப் புத்தகம் வேறு. வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தால் வரி பாக்கி இல்லை என்று அர்த்தமில்லை. பேச்சு முடிவதற்குள் இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். சத்துணவு அமைப்பாளராக இருந்த ஓர் அம்மா, நகையை விற்றும் கூட்டுறவுக் கடன் வாங்கியும் தேரடிப் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கினார். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் தார்சா, உள்ளே பட்டாசால் என்கிற கூடம், அடுக்களை, பின்னால் கிணறு. ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்து, தார்சாவின் நடுவே சுவர் எழும்பி இரண்டானது. அம்மா வாங்கியது அண்ணன் பாகத்தை. அண்ணன் காலமாகிவிட்டார், கோயம்புத்தூரில் வேலை பார்த்த மகன் வந்து விற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோன நோட்டீசில் 14 அரையாண்டு நிலுவை. அரையாண்டுக்கு 420 ரூபாய், ஆக 5,880 ரூபாய். பெரிய தொகையா என்று சிலருக்குத் தோன்றலாம். கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் அது பெரிய தொகைதான். அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். மகனுக்குக் கோபம். "எங்கள் அப்பா ஒரு தவணை விட்டதில்லை. பட்டாசாலில் உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள், ரசீதெல்லாம் அங்கே இருக்கிறது" என்றார்.

இருந்தது. உத்தரத்து ஆணியில் ஒரு ரசீதுக் கம்பி. அந்தக் கால வீடுகளில் இது இருக்கும், நேயர்களே. கொக்கிபோல் வளைத்த கம்பி, அடியில் வட்டமாய் ஒரு மரக்கட்டை. கரண்ட் பில்லும் வரி ரசீதும் மளிகைச் சீட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தி ஏறியிருக்கும். நாற்காலி போட்டு ஏறி இறக்கினோம். பல்லி முட்டை ஓடும் தூசியுமாக உதிர்ந்தது. ஒவ்வொரு ரசீதின் நடுவிலும் துரு பிடித்த வட்ட ஓட்டை. கார்பன் எழுத்து வெளிறி, வெளிச்சத்துக்குத் திருப்பினால்தான் படிக்க முடிந்தது. எண்ணினோம். பாகம் பிரிந்த நாளிலிருந்து சரியாகப் பதினான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியானால் நோட்டீஸ் பொய்யா? நானும் குழம்பினேன். பிறகு ஒரு ரசீதை நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிவிதிப்பு எண் ரசீதில் 1187. நோட்டீசில் 1187, ஒரு சாய்கோடு, ஓர் ஒன்று. பாகம் பிரிந்தபோது அலுவலகத்தில் பழைய எண்ணைத் தம்பி பாகத்துக்கு வைத்துக்கொண்டு அண்ணன் பாகத்துக்குப் புது எண் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கோ தம் தகப்பனார் காலத்திலிருந்து மனப்பாடமான எண் 1187. ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லியே கட்டியிருக்கிறார். வசூல் மேசையில் இருந்தவரும் எண்ணைக் கேட்டார், எழுதினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். நோட்டீஸ் கொண்டுபோன என் முன்னவர்களிடம் ரசீதைக் காட்டியிருப்பார், அவர்களும் நம்பித் திரும்பியிருப்பார்கள். ஏழு வருஷமாக, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியின் வரியை அண்ணன் கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அது தெரியாது.

தம்பியும் அப்போது இல்லை. அவர் மனைவி இருந்தார், அறுபதைக் கடந்த ஆச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் போய் விவரம் சொன்னோம். ஆச்சி ரசீதுகளை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "அத்தான் எங்களுக்காகக் கட்டியிருக்கிறார்கள். இருக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லையே" என்றார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, அந்தத் தொகையைச் சாய்கோடு ஒன்றுக்கு மாற்றச் சம்மதம் என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மாற்றினால் தம் கணக்கில் 5,880 நிலுவை ஏறும் என்று எடுத்துச் சொல்லியும் போட்டார். மூன்று தவணையில் கட்டி முடித்தார். கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பழைய ரசீதுகளை வைத்துக்கொள்ளலாமா என்று. அசல் கோப்பில் சேர வேண்டும், அதனால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் அந்த எண். நோட்டீஸ் வந்தால் தொகையைப் பார்த்துப் பதறாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். முதலில் வரிவிதிப்பு எண்ணைப் பாருங்கள். அடுத்து, எந்த அரையாண்டு முதல் எந்த அரையாண்டு வரை என்று பாருங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபரிலிருந்து மார்ச் ஓர் அரையாண்டு. உங்கள் கிரயத் தேதியை அதன் நடுவில் வையுங்கள். தேதிக்கு முந்தியது ஒரு கணக்கு, பிந்தியது ஒரு கணக்கு. சொத்து வரி, அதாவது வீட்டு வரி தனி, குடிநீர்க் கட்டணம் தனி, இரண்டையும் கலந்து பார்க்காதீர்கள்.

முந்தைய பாக்கி யாருடையது? 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, விற்ற தேதி வரை உள்ள வரியை விற்றவர்தான் கட்ட வேண்டும் என்கிறது. உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "இதுவரை உள்ள வரி வகையறாக்களை நானே செலுத்திவிட்டேன்" என்றும், ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் "என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்" என்றும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பத்திர எழுத்தர் மளமளவென்று வாசித்துவிட்டுப் போகிற வரி அது. விற்றவரிடம் கேட்பதற்கு அதுதான் உங்கள் பிடி. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஆனால் அது உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள வழக்கு. அலுவலகம் வீட்டைப் பார்த்துத்தான் கேட்கும், ஏனென்றால் வரி வீட்டின்மேல் நிற்கிறது. ஆமதாபாத் மாநகராட்சி வழக்கு ஒன்றில் 1971இல் உச்ச நீதிமன்றம், பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரின் வீட்டைப் பழைய பாக்கிக்காகப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டத்திலேயே வெளிப்படையாக வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அது பொருந்தாது. அதனால் பெரிய தொகை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சின்னத் தொகை என்றால் கட்டிவிட்டு, ரசீதோடு விற்றவரிடம் கேட்பதுதான் என் யோசனை. பாக்கி நிற்கும்வரை உங்கள் பெயருக்கு வரியை மாற்றிக்கொள்வதும் சிரமம்.

பெயர் மாற்றம் என்றதும் இன்னொன்று. பட்டா மாறிவிட்டது, வரியும் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாறாது. பட்டா வருவாய்த் துறையுடையது. வரிக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இறந்துபோனவர் பெயரிலேயே நோட்டீஸ் வந்துகொண்டிருக்கும்.

நம் சீமைக் கோயில் சுவர்களில் இறையிலி நிலம் என்று கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரி நீங்கியது என்பதற்கு ஓலை போதாது, கல் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சுவர்களை ரசீதுக் கம்பியாகத்தான் பார்க்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. 2022 சொத்து வரி உயர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், சுருக்கிவிடுகிறேன். அந்த ஆண்டு சென்னையைத் தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்ந்தது. உங்கள் வீடு எந்தப் படியில் எழுதப்பட்டிருக்கிறது, அளவு சரியா என்று பாருங்கள், தவறென்றால் மனுக் கொடுங்கள். விற்றவர் மாடி கட்டி வரிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அது உங்கள் தலையில் வரும், அதையும் விசாரியுங்கள்.

வாங்கப்போகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரிடம் ரசீதை வாங்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அலுவலகத்தில் நிலுவை கேளுங்கள். நகர்ப்புறம் என்றால் இணையத்திலேயே பார்க்கலாம். கடைசி ரசீது ஒன்று போதாது, நிலுவையைத்தான் கேட்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இது வில்லங்கச் சான்றில் வராது. கட்டுகிறவர்கள் அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரல் 30, அக்டோபர் 31. ரசீதில் எண்ணைச் சரிபார்த்த பிறகு மேசையை விட்டு நகருங்கள்.

வணக்கம்.