மிச்சிகனில் கோடை, ஃபுளோரிடாவில் குளிர்காலம்: மெடிகேரில் எதை எடுப்பது?

வணக்கம். என் பின்னால் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் என் மனைவியும் ஐ-75 நெடுஞ்சாலையில் ஏறி, 1,200 மைலுக்கு மேல் காரோட்டி மிச்சிகன் வீட்டுக்குத் திரும்புகிறோம். நவம்பரில் இங்கே வருவதும் ஏப்ரலில் அங்கே போவதுமாகச் சில ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்களைப் போன்றவர்களை இந்த ஊரில் ஸ்னோபேர்ட் என்று அழைக்கிறார்கள். வலசை போகும் பறவைக்கு இறகு மட்டும் இருந்தால் போதும். அறுபத்தைந்தைக் கடந்த மனிதருக்கு இரண்டு ஊரிலும் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு வேண்டும். இன்று அதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

நான் காப்பீட்டு முகவர் அல்லன். கார்த் தொழிற்சாலையில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேசுவதற்கு எனக்கு இருக்கும் ஒரே தகுதி, எங்கள் வீட்டிலேயே இரண்டு விதமான காப்பீடு இருப்பதுதான். அறுபத்தைந்தைத் தொட்டவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் குடும்பப் பாலிசி என்ற ஒன்று கிடையாது; கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். எனக்கு எடுத்தது சரியாக அமைந்தது. மனைவிக்கு எடுத்தது அப்படி அமையவில்லை. இரண்டு படிவங்களையும் நிரப்பியவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், எண்ணை மட்டும் விரலால் மறைத்திருக்கிறேன்: சிவப்பு, வெள்ளை, நீலம் கொண்ட இந்தக் காகித அட்டைதான் அரசாங்கத்தின் அசல் மெடிகேர் அட்டை. இதில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, மருத்துவர் கட்டணத்துக்கான பார்ட் பி என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் வேலை செய்து வரி கட்டியவருக்கும் அவருடைய துணைக்கும் பார்ட் ஏ-வுக்குப் பிரீமியம் இல்லை. பார்ட் பி-க்கு 2026ஆம் ஆண்டில் மாதம் 202.90 டாலர், வருமானம் மிகுந்தவர்களுக்கு அதைவிட அதிகம். இரண்டு வீடு வைத்திருப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், இந்த அட்டைக்கு மாநில எல்லை கிடையாது. மெடிகேரை ஏற்றுக்கொள்ளும் எந்த மருத்துவரிடமும், அவர் டெட்ராய்ட்டில் இருந்தாலும் டாம்பாவில் இருந்தாலும், யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் நேரே போகலாம்.

அதில் உள்ள குறை, அது எல்லாச் செலவையும் கொடுப்பதில்லை என்பதுதான். டிடக்டிபிள் என்று, ஆண்டுக்கு ஒருமுறை முதலில் நம் கையிலிருந்து போகும் தொகையை (2026இல் 283 டாலர்) நாம் கட்டிய பிறகு, மருத்துவர் கட்டணத்தில் எண்பது விழுக்காட்டை மெடிகேர் கொடுக்கும். மீதி இருபது விழுக்காடு நம்முடையது, அதற்கு உச்ச வரம்பு எதுவும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இருபது விழுக்காடு என்றால் எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஓட்டையை அடைப்பதற்காகத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீட்டுக்குத்தான் மெடிகாப் என்று பெயர். பெரும்பாலான மாநிலங்களில் அது ஆங்கில எழுத்துகளால் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. 2020 ஜனவரி முதல் தேதிக்குப் பின் அறுபத்தைந்தைத் தொட்டவர்களில் பலர் எடுப்பது பிளான் ஜி. பார்ட் பி டிடக்டிபிள் தவிர, மெடிகேர் ஏற்றுக்கொண்ட செலவில் நம் பங்கு கிட்டத்தட்ட முழுவதையும் அது ஏற்கிறது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஜி என்றால் ஒரே ஜி-தான், விலை மட்டுமே மாறும். ஆகவே விளம்பரத்தின் அழகைப் பார்க்காமல், விலையையும் அந்த நிறுவனம் கடந்த ஆண்டுகளில் விலையை எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதையும் பாருங்கள். என்னிடம் இருப்பது இந்தப் பிளான் ஜி-தான்.

மனைவிக்கு 2022இல் அறுபத்தைந்து ஆனபோது, மாதம் நூற்றைம்பது டாலர் அளவுக்கு வரும் மெடிகாப் பிரீமியத்தை மிச்சப்படுத்தலாம் என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. தொலைக்காட்சியில் பகல் முழுவதும் ஓடுமே, பிரீமியம் பூஜ்யம், பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் இலவசம் என்று. அசல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் அந்த வகையான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்தேன். பூஜ்யம் என்பது திட்டத்தின் பிரீமியம் மட்டுமே. பார்ட் பி-யின் பிரீமியத்தை வழக்கம்போல் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நான் எடுத்தது எச்எம்ஓ வகை. எங்கள் மிச்சிகன் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, சுற்றியுள்ள மருத்துவர்களும் மருத்துவமனைகளும் மட்டுமே அதன் நெட்வொர்க். கோடையில் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது.

2024 ஜனவரியில், இதே வீட்டுக் குளியலறையில் மனைவி வழுக்கி விழுந்து தோள்பட்டையில் எலும்பு முறிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்ததற்குத் திட்டம் பணம் கொடுத்தது; அவசரம் என்றால் நாட்டின் எந்த மூலையிலும் அட்வான்டேஜ் திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அவசரம் அன்று இரவோடு முடிந்துவிட்டது. மறுவாரம் எலும்பு மருத்துவரிடம் காட்டுவதும், ஆறாம் வாரம் படம் எடுத்துப் பார்ப்பதும், அதற்குப் பிறகு மூன்று மாத பிசியோதெரபியும் அவசரக் கணக்கில் சேரவில்லை. தொலைபேசியில் பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் சொன்னார்: மிச்சிகனில் உள்ள நெட்வொர்க் மருத்துவரிடம் போனால் தருகிறோம், அங்கேயே ஃபுளோரிடாவில் பார்த்துக்கொண்டால் முழுச் செலவும் உங்களுடையது. பிப்ரவரி மாதப் பனியில், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு மனைவி விமானமேறினார். நான் பின்னாலேயே காரில் போனேன். அந்தக் குளிர்காலத்தின் மீதி நாட்களில் இந்த வீடு பூட்டியே கிடந்தது.

சரி, அட்வான்டேஜை விட்டுவிட்டு என்னைப் போலவே அசல் மெடிகேருக்கும் மெடிகாப்புக்கும் மாறிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அட்வான்டேஜிலிருந்து அசல் மெடிகேருக்கு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலோ, அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலோ தாராளமாகத் திரும்பலாம். அந்தக் கதவு ஆண்டுதோறும் திறக்கிறது. ஆனால் மெடிகாப் கதவு வேறு. அறுபத்தைந்து வயதில் பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே, சர்க்கரையோ இதயக் கோளாறோ எதுவாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் உங்களை அந்த நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுபத்தைந்தில் நேரே அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மனம் மாறித் திரும்பும் சலுகை உண்டு. அதுவும் தாண்டிவிட்டால், நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் உங்கள் உடல்நிலையைப் பார்த்து அவர்கள் மறுக்கலாம். என் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு நிறுவனம் மறுத்தது. இன்னொன்று சொன்ன விலையைக் கேட்டபின் நாங்களே மறுத்துவிட்டோம்.

ஆகையால், அறுபத்து நான்கு வயதில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் வளைத்துப் பேசப்போவதில்லை. ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் வேறொரு மாநிலத்தில் இருக்கப்போவது உறுதி என்றால், கையைக் கடித்தாலும் அசல் மெடிகேரையும் மெடிகாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்டேஜ் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை; ஒரே ஊரில் இருப்பவருக்கு அது பொருத்தமாகவே இருக்கலாம், நெட்வொர்க்குக்குள் ஓராண்டில் நம் கைச்செலவு 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்ற 2026ஆம் ஆண்டு வரம்பும் அதில் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு மட்டுமே அது இடறுகிறது.

ஏற்கெனவே அட்வான்டேஜில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். அடுத்த அக்டோபரில், நெட்வொர்க்குக்கு வெளியேயும் ஓரளவு பணம் கொடுக்கும் பிபிஓ வகைத் திட்டங்களில், பயணிகளுக்கான விசிட்டர் சலுகை உள்ள ஒன்றைத் தேடி எடுத்தோம். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாநிலங்களில் மட்டும் இந்தச் சலுகையைத் தருகின்றன. ஃபுளோரிடா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிபிஓ என்றாலும், அவசரம் இல்லாத நேரத்தில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள மருத்துவர் உங்களைப் பார்க்க மறுக்கலாம். பொதுவாக அட்வான்டேஜ் திட்டத்தின் எல்லையைவிட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திட்டம் உங்களை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. விசிட்டர் சலுகை உள்ள திட்டங்களில் அது பன்னிரண்டு மாதம் வரை நீளலாம். நாங்கள் நவம்பர் முதல் வாரத்தில் வந்து ஏப்ரல் கடைசிக்குள் கிளம்புவதற்கு வெயில் மட்டுமே காரணம் அன்று.

இந்த இடத்தில் முகவரிப் பிரச்சினையும் வருகிறது. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஆதலால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வீட்டு வரிச் சலுகை எல்லாவற்றையும் இங்கே மாற்றிக்கொள்ளும்படி கணக்காளர்கள் யோசனை சொல்வதுண்டு. வரிக்கு அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் வரி அலுவலகத்திடம் ஃபுளோரிடாவாசி என்றும் காப்பீட்டு நிறுவனத்திடம் மிச்சிகன்வாசி என்றும் ஒரே மனிதர் இருக்க முடியாது. நிரந்தர முகவரி எந்தக் கவுண்டியோ அந்தக் கவுண்டியின் அட்வான்டேஜ் திட்டத்தில்தான் சேர முடியும். மெடிகாப் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு, முகவரி மாறினாலும் பழைய பாலிசியையே வைத்துக்கொள்ளலாம்; பிரீமியம் மாறுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக்கான பார்ட் டி-யைப் பற்றி இரண்டு வார்த்தை. மெடிகாப்பில் மருந்து சேராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். நான் முதல் ஆண்டு மெய்ஜர் மருந்தகத்தில் விலை குறைவு என்று அதற்கேற்ற திட்டத்தை எடுத்தேன். மெய்ஜர் ஃபுளோரிடாவில் இல்லை. அதேபோல் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் பப்ளிக்ஸ் மிச்சிகனில் இல்லை. இரண்டு ஊரிலும் கிளை உள்ள வால்கிரீன்ஸ், சிவிஎஸ், வால்மார்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் திட்டத்தின் சலுகை விலைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொண்ணூறு நாள் மருந்தைத் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே முகவரியை மாற்றிவிட வேண்டும்.

குளிர்காலத்தைத் தமிழ்நாட்டில் கழிக்கும் நண்பர்களுக்குக் கணக்கே வேறு. கோயம்புத்தூரில் மெடிகேர் ஒரு காசும் கொடுக்காது. பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசரத்துக்கு ஒரு சலுகை இருக்கிறது: 250 டாலர் டிடக்டிபிளுக்குப் பின் எண்பது விழுக்காடு, வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் அறுபது நாளுக்குள் தொடங்கும் அவசரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ஐந்து மாதம் தங்குபவருக்கு மீதி மூன்று மாதம் வெறுங்கைதான். அதனால் இந்தியாவில் தனியாக ஒரு பாலிசி வேண்டும். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவருக்குப் புதிய பாலிசி தருவதில் இருந்த வயது வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பும் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். அந்த மூன்று ஆண்டு நீங்கள் நலமாக இருக்கும்போதே ஓடி முடியட்டும். ஊரிலேயே பாதி ஆண்டு இருக்கிறோமே என்று பார்ட் பி-யை நிறுத்திவிட வேண்டாம், விட்டுவிட்டுப் பின்னர் சேர்ந்தால் பொதுவாக ஒவ்வொரு பன்னிரண்டு மாதத் தாமதத்துக்கும் பத்து விழுக்காடு அபராதம் உயிருள்ளவரை பிரீமியத்தோடு வந்துகொண்டிருக்கும்.

விற்பனை நோக்கம் இல்லாத ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறார்கள். ஷிப் என்ற அந்தத் திட்டத்துக்கு ஃபுளோரிடாவில் ஷைன் என்று பெயர். 2022இல் ஒரு மணி நேரம் அவர்களிடம் நான் உட்கார்ந்திருந்தால் இந்தக் காணொளிக்கு வேலையே இருந்திருக்காது. நீங்கள் போகும்போது இரண்டு வீட்டு முகவரியையும், மருந்துப் பட்டியலையும், இரண்டு ஊர் மருத்துவர்களின் பெயர்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளேயிருந்து குரல் கேட்கிறது, குளிர்சாதனப்பெட்டியைக் காலி செய்ய வேண்டுமாம். மனைவியின் தோள் இப்போது முக்கால்வாசி தூக்க வருகிறது. அடுத்த பரிசோதனை செவ்வாய்க்கிழமை, மிச்சிகனில், நெட்வொர்க்குக்குள்.