தொடையில் நுழைந்து தலைக்குப் போகும் கம்பி

[திரையில்: கீழ்பவானி வாய்க்கால், ஒரு மடை]

பவானிசாகரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்காரருக்கு அது வயலில் பாயும் வரை நிம்மதி கிடையாது. நடுவில் ஒரு மடை அடைத்தால் போதும், கீழே பயிர் வாடும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி சிக்கி வரும் பக்கவாதத்திலும் (ஸ்ட்ரோக்) இதே கதைதான். பயிராவது சில நாள் தாங்கும். மூளையில், பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு.

ஆனால் எல்லாம் ஒரேயடியாகச் சாவதில்லை. வாய்க்கால் நின்ற பிறகும் கசிவுநீரில் கிணறு கொஞ்ச நாள் ஊறுமல்லவா? அதுபோலப் பக்கத்துச் சின்னக் குழாய்களில் வரும் ரத்தத்தை வைத்து, சுற்றியுள்ள பகுதி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் ஓடுவது அதைக் காப்பாற்றத்தான்.

[திரையில்: கேத் லேப்]

முதலில் ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரியாமல் கை வைக்க முடியாது. அடைப்பு என்றால், நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய குழாயை அடைத்த கட்டி பல நேரம் அதற்கு மசியாது. அப்புறம்தான் கேத் லேப், அதாவது எக்ஸ்ரேயில் பார்த்தபடியே ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டுச் சிகிச்சை செய்யும் அறை.

தொடை மடிப்பில் அல்லது மணிக்கட்டில் தமனியில் ஒரு சிறு துளை. அதன் வழியே மெல்லிய கம்பி, அதன்மேல் குழாய், கழுத்தைத் தாண்டி மூளை வரை. மண்டையைத் திறப்பதே இல்லை. வழி காட்டுவது எக்ஸ்ரே. சாய மருந்து செலுத்துமுன் ஒரு படம், செலுத்தியபின் ஒரு படம். முதல் படத்தைக் கம்ப்யூட்டர் கழித்துவிட, எலும்பு மறைந்து குழாய்கள் மட்டும் இலையுதிர்ந்த மரம்போல நிற்கும். மூளைக் குழாய்களை இப்படிச் சாயம் ஏற்றிப் பார்க்கும் வித்தையை 1927-ல் தொடங்கியவர் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ்.

கட்டிக்குள் ஒரு வலைக்குழாயை விரித்து, அது கவ்வியதும் அப்படியே வெளியே இழுப்பார்கள். உறிஞ்சி எடுப்பதும் உண்டு. 2015-ல் வெளியான ஐந்து ஆய்வுகள்தான் இதற்கு அழுத்தமான ஆதாரம். ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் தெரிந்தது. ‘சரி, நேரம் இருக்கே’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தச் சிலரில் நாம் இருப்போமா என்பது ஸ்கேனுக்குத்தான் தெரியும்.

குழாய்ச் சுவர் பலூன்போலப் புடைத்திருந்தால், இதே வழியில் போய் பிளாட்டினச் சுருள்களால் நிரப்பி அடைக்கலாம். 1990 முதல் நடக்கிறது.

[திரையில்: திம்பம் மலைப்பாதை, இரவு]

மலைமேல் இருக்கும் தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் இறங்கவே 27 கொண்டை ஊசி வளைவு. அதனால் வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் உடனே 108. வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல். கட்டியை இழுத்தெடுக்கும் வசதி ராத்திரியிலும் இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். இன்னொன்று: பாதிக்கப்பட்டவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே அதைத்தான் கேட்பார்கள்.