பின்னோக்கிச் சறுக்குபவன்

நேயர்களுக்கு வணக்கம். ஐஸ் ஹாக்கியில் ஓர் இளம் தடுப்பாட்டக்காரர் எப்படி உருவாகிறார் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பயிற்சியாளன் அல்லன். கனடாவில் அதிகாலை ஐந்தரை மணிக்கு, தேநீர்க் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, பனித்தள ஓரத்தில் நடுங்கியபடி நின்ற பல்லாயிரம் தந்தையரில் ஒருவன். என் மகன் இப்போது கணக்காளராக இருக்கிறான். ஆகவே என் ஆலோசனைக்கு என்ன மதிப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு குறை இருந்தது. மற்றப் பிள்ளைகள் கோல் அடிக்கப் பழகுவார்கள். என் மகனையும் இன்னும் மூன்று தடுப்பாட்டப் பிள்ளைகளையும் மட்டும், பந்துக்குப் பதிலாக இருக்கும் ‘பக்’ என்ற ரப்பர் வட்டை மட்டையால் தொடக்கூட விடாமல், பின்னோக்கிச் சறுக்கவிட்டுக்கொண்டே இருந்தார் பயிற்சியாளர். இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம் என்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

முன்களத்தில் ஆடுபவன் தவறு செய்தால் அவன் பின்னால் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் இருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரன் தவறினால் மிஞ்சுவது கோல்காப்பாளர் ஒருவர்தான். எதிராளி முழு வேகத்தில் பாய்ந்து வருகிறான். இவனோ அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போகிறான். இடைவெளி அதிகமாக விட்டால் அவன் நின்று நிதானமாக அடிப்பான். அளவுக்கு மீறி நெருங்கினால் பக்கவாட்டில் நழுவிப் போய்விடுவான். அந்த இடைவெளியை அளக்க அளவுகோல் எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கானவர்களிடம் ஏமாந்து ஏமாந்துதான் கண் அதைக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகக் கனிகிறார்கள். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ராம் 1989 தேர்வில் 53ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது அவருக்கு முதன்முதலில் 2001இல், 31 வயதில் கிடைத்தது. பிறகு மேலும் ஆறு முறை வென்றார். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாராவும் 1996இல் 56ஆவது ஆள். அவருக்கு அந்த விருது 2009இல் வந்தது.

விரைவாகக் கனிந்தவர் என்று எல்லோரும் சொல்லும் ஒருவரைப் பற்றித்தான் இன்று நான் அதிகம் பேச விரும்புகிறேன்: கேல் மக்கார். 1998 அக்டோபரில் கால்கரியில் பிறந்தவர். உண்மையில் அவர் விரைவானவர் அல்லர். விரைந்து வரச் சொன்னவர்களிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவர்.

அல்பர்ட்டாவில் திறமையுள்ள பையன் என்றால் பதினாறு வயதில் மேற்கு கனடாவின் முதன்மை இளையோர் லீக்குக்குப் போவதுதான் வழக்கம். நல்ல மேடைதான். ஆனால் அங்கே ஓர் ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கியின் கதவு சாத்திக்கொள்ளும் என்பது அன்றைய விதி. மக்கார் ஒரு படி கீழே இருந்த அல்பர்ட்டா இளையோர் லீக்கைத் தேர்ந்தெடுத்தார். கால்கரியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் புரூக்ஸ் என்ற சிறு ஊரில், ‘பேண்டிட்ஸ்’ அணியில் இரண்டு பருவங்கள் ஆடினார். இரண்டாவது பருவத்தில் 54 ஆட்டங்களில் 24 கோல், மற்றவர்கள் அடித்த கோல்களுக்கு 51 உதவி. தடுப்பாட்டக்காரர் அடித்த கணக்கு இது! இருந்தும், எதிரணிகள் பலவீனமானவை என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் இருந்தார்கள். 2017இல் கொலராடோ அவலான்ச் அணி அவரை நான்காவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த லீக்கிலிருந்து அவ்வளவு மேலே எவரும் அதற்கு முன் போனதில்லை.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி வென்றது வெறும் 5 ஆட்டங்கள்! முதல் ஆண்டு முடிந்ததும் கொலராடோ கூப்பிட்டது. அவர் போகவில்லை, இன்னும் ஓர் ஆண்டு படிக்கிறேன் என்றார். நம் வீடுகளில் ஒரு பையன் இப்படிச் சொல்லியிருந்தால், வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாயே என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டு மாமா வரை ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருப்பார்கள்.

அந்த இரண்டாம் ஆண்டில் பல்கலைக்கழக அணி 31 ஆட்டங்களை வென்று இறுதிப் போட்டி வரை போனது. 2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை: கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருதான ஹோபி பேக்கர் விருது மக்காருக்கு. சனிக்கிழமை: இறுதிப் போட்டியில் மினசோட்டா துலூத் அணியிடம் 3–0 தோல்வி. ஞாயிறு: கொலராடோவுடன் ஒப்பந்தம். திங்கட்கிழமை இரவு டென்வரில், தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத அந்த இருபது வயதுப் பையன் நேரே பிளே-ஆஃப் ஆட்டத்தில், அதாவது பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றில், இறங்கினார். எதிரணி அவர் பிறந்த ஊரின் கால்கரி ஃபிளேம்ஸ். முதல் பகுதியிலேயே கோல் அடித்தார்.

அடுத்த பருவத்தில் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது கிடைத்தது. 2022இல் நாரிஸ் விருது. அதே பருவத்தில் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை. அதன் பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும். நாரிஸையும் கான் ஸ்மைத்தையும் ஒரே பருவத்தில் அதற்கு முன் வென்றவர்கள் பழம்பெரும் தடுப்பாட்டக்காரர் பாபி ஓரும் லிட்ஸ்ட்ராமும் மட்டுமே. 2024–25 பருவத்தில் 30 கோல் அடித்து, நாரிஸை இரண்டாம் முறையும் வாங்கினார்.

இத்தனைக்கும் ஆறடி உயரம்கூட இல்லை. தடுப்பாட்டக்காரன் என்றால் மலைபோல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிய விளையாட்டு இது. சாரா ஆறடி ஒன்பது அங்குலம். மக்காரின் பலம் சறுக்குக் காலணியின் விளிம்பில் இருக்கிறது. எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டின் மேல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே, இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் திரும்பிவிடுவார். கூடவே ஆடும் டெவன் டேவ்ஸ் என்ற நிதானமான துணையையும் சொல்ல வேண்டும். ஒருவர் முன்னே பாயும்போது மற்றவர் வீட்டைக் காக்கிறார். தடுப்பாட்டக்காரர்கள் இருவர் இருவராகத்தான் இறங்குகிறார்கள் என்பதை, தனி ஒருவரைப் புகழும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் சொன்ன அந்தப் பழைய விதி இப்போது இல்லை. 2025 ஆகஸ்ட் முதல், முதன்மை இளையோர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் சேரலாம். இந்த ஆண்டு பிள்ளையை எங்கே அனுப்புவது என்று யோசிக்கும் பெற்றோர், பழைய கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

இன்றோ நாளையோ கொலராடோவின் ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தால், பக்கை விட்டுவிட்டு மக்காரின் 8ஆம் எண்ணைப் பாருங்கள். பக் அவரிடம் வந்து சேருவதற்கு ஒரு கணம் முன்பு தோளுக்கு மேலே திரும்பி, பின்னால் யார் வருகிறார் என்று பார்த்துக்கொள்வார். பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பக் அவர் மட்டையைத் தொடும்.

நன்றி, வணக்கம்.