சம்பா, தாளடி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது என்ன?

எல்லாருக்கும் வணக்கம். மழைக்காலம் வந்தால் டிவியில் கீழே ஒரு வரி ஓடும், பார்த்திருப்பீர்கள்: ‘டெல்டா மாவட்டங்களில் சம்பா, தாளடிப் பயிர்கள் தண்ணீரில் மூழ்கின.’ சென்னையில் இருக்கிற என் நண்பர்கள் பலர் இதை இரண்டு நெல் ரகம் என்றே நினைத்திருக்கிறார்கள். ரகம் இல்லை, பட்டம். அதாவது எந்த மாதத்தில், எந்த வயலில் நடுகிறோம் என்பதற்கான பெயர். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா எல்லாம் ரகத்தின் பெயர்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பின்னால் டிராக்டர் சத்தம் கேட்கும், மன்னிக்கவும். பக்கத்து வயலில் தொளி ஓட்டுகிறார்கள். தண்ணீர் கட்டிச் சேறாக உழுவதுதான் தொளி. மண் குழம்பினால் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது, வயலிலேயே நிற்கும். அப்புறம் பரம்பு அடித்து மட்டமாக்கி நடுவார்கள்.

சரி, பட்டத்துக்கு வருவோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருடம் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீரை நம்பி ஜூன், ஜூலையில் தொடங்குவது குறுவை. ஏடிடி 43 மாதிரி 110 நாள் ரகம் போட்டால் செப்டம்பர், அக்டோபரில் அறுத்துவிடலாம். போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருப்பவர்கள் அணை திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள், முன்னாடியே நாற்று விட்டுவிடுவார்கள்.

குறுவை அறுத்த அதே வயலில், அறுத்தபின் நிற்கிற அடித்தட்டையை, அதாவது தாளை, மடக்கி உழுது மறுபடி நடுவது தாளடி. குறுவையே போடாத வயலில் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஜனவரியில் அறுப்பது சம்பா. சம்பாவில் சிஆர் 1009 மாதிரி ஐந்து மாதத்துக்கு மேல் ஓடுகிற ரகம்கூடப் போடலாம், அவசரம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால் செய்தியே வேறு மாதிரி புரியும். நவம்பரில் அடைமழை பெய்கிறது என்று வையுங்கள். சம்பா அப்போது தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, உயரமாக நிற்கும், சில நாள் தண்ணீரைத் தாங்கும். தாளடி இப்போதுதான் நட்ட நாற்று. முழுக்க மூழ்கினால் அழுகிப்போகும், திரும்ப நட நாற்றுக்கு அலைய வேண்டும். அதே மழை ஜனவரியில் பெய்தால் கதை தலைகீழ். சம்பா பழுத்து நிற்கும், சாய்ந்துவிடும், கதிரிலேயே நெல் முளைத்துவிடும். தாளடி இன்னும் பச்சையாக இருப்பதால் ஓரளவு தப்பிக்கும். ‘இத்தனை ஏக்கர் பாதிப்பு’ என்று மொத்தமாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஏக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வயதானவர்களிடம் எவ்வளவு நிலம் என்று கேட்டால் மா கணக்கில் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், ஆக மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், மற்ற மாவட்டங்களில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

செய்தியில் வருகிற இன்னொரு சொல் கடைமடை. வாய்க்காலின் கடைசி வயல்கள்தான் அது. நாகப்பட்டினம் பக்கம் நிறைய. தண்ணீர் அங்கே கடைசியாகத்தான் போகும். மழை வந்தால் வெள்ளமும் அங்கேதான் வடியாமல் நிற்கும்.

‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ தண்ணீர் கட்டுவது என்பதையும் கேட்டிருக்கலாம். எப்போதும் தேக்கி வைக்காமல், கட்டிய தண்ணீர் வற்றி மண் லேசாக வெடிக்கிற நேரத்தில் மறுபடி பாய்ச்சுவது. வேர் ஆழமாக இறங்கும், தண்ணீரும் மிச்சம்.

கடைசியாக, அறுவடை. மணியே பிடிக்காமல் வெறும் உமியாக இருந்தால் பதர். பாதி பிடித்தது கருக்காய். இரண்டையும் தூற்றிவிட்டுத்தான், அரசு நெல் வாங்குகிற நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குறுவை அறுப்பதோ மழை தொடங்குகிற அக்டோபரில்! அதனால்தான் அந்த மாதம் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், டெல்டாச் சாலைகளில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்வதும். அந்த வழியாக பைக்கில் போனால் மேலே ஏற்றாமல் ஓரமாகப் போங்கள்.

தாளடிக்குப் பிறகு விதைக்கிற உளுந்தைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.