தொடர்கதைக் கட்டுக்குள் இருக்கும் பெண்கள்

[திரையில்: முதுகு கிழிந்த பைண்டு புத்தகம், பழுத்த தாள்கள்]

உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருக்கலாம். பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். அப்புறம் அது தெருவில் பத்து வீடு சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். மறந்துபோன பெண் எழுத்தாளர்களைத் தேட நான் முதலில் கை நீட்டுவது இந்தக் கட்டுகளைத்தான்.

[திரையில்: வை.மு.கோ. படம்]

வை.மு.கோதைநாயகி அம்மாள், 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். அந்தத் தோழியின் கையெழுத்து இல்லையென்றால் நாடகமே இல்லை. பிறகு தானே எழுதப் பழகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.

நூற்றுப் பதினைந்து! அதில் ஒன்றையாவது நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வீட்டுப் பெண்கள் படிக்கிற கதைதானே என்று ஒதுக்கிவைத்தார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். அந்த வாசகிகள்தான் அவரைப் பத்திரப்படுத்தியவர்கள்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'வை.மு.' என்பது கணவர் வீட்டு முதலெழுத்து. பெண்களின் பெயர் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று, புனைபெயர் வேறொன்று என்று மாறும். நூலகப் பட்டியலில் மூன்று பேராகத் தெரிபவர் ஒருவராகவே இருக்கலாம். அதைத் தீர்க்கக் கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ வேண்டும். அவை வீடுகளில்தான் இருக்கும்.

[திரையில்: பழைய புத்தக அலமாரிகள்]

தனி மனிதர் சேர்ப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா போதும். விளம்பரப் பலகை எழுதியவர் அவர். பழைய நூலும் இதழும் நோட்டீசுமாகச் சேர்த்துக் குவித்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது.

சரி, உங்கள் கையில் ஒரு கட்டு கிடைத்தால்? பிரிக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையில் பேனாவால் எழுதிய பெயர், ஓரத்துப் பென்சில் குறிப்பு, விளம்பரம், எதையும் விடவேண்டாம். பிரித்தெடுத்த தாளில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. விளம்பரத்தில் இருக்கும் விலையை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கும்.

முக்கியமாக, தாளின் மறுபக்கம். தொடர்கதைக்காகப் பிரித்த தாளின் பின்னால் வேறொருவர் எழுதிய சிறுகதை பாதியில் நிற்கும். புத்தகமாகவே வராத பெண்களின் கதைகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் அவர்களைச் சேர்த்துவைக்க நினைக்கவில்லை, தாளோடு தாளாக வந்துவிட்டார்கள். தலைப்பையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி இன்னொரு வீட்டுக் கட்டில் இருக்கலாம்.